ராஜாவின் கையில் தூபகலசம்

அரசன் வேறு, ஆசாரியன் வேறு என்று நினைத்துக்கொண்டுதான் நானும் பழைய ஏற்பாட்டை வாசித்துவந்தேன். சாமுவேலின் இரண்டாம் புத்தகம் அந்த நினைப்பைக் கலைத்துப்போட்டது. தாவீது சணல்நூல் ஏபோத் கட்டிக்கொண்டு உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்னால் ஆடுகிறான், பலியிடுகிறான், ஜனங்களை ஆசீர்வதிக்கிறான். எல்லாம் ஆசாரிய வேலை. அவன் பிள்ளைகளை எபிரேய மூலம் 'கோஹனீம்', அதாவது ஆசாரியர்கள் என்றே சொல்கிறது (8:18). 110ஆம் சங்கீதமோ அரசனை மெல்கிசேதேக்கின் வரிசையில் ஆசாரியனாக நிறுத்துகிறது.

சரி, இந்த அரச ஆசாரியன் எங்கே போனான்? பாபிலோன் சிறையிருப்புக்குப் பின், சொந்த அரசன் இல்லாத யூதாவில், கோவிலைச் சுற்றியிருந்தவர்கள் எழுதியது நாளாகமம். அதில் தாவீதின் பிள்ளைகள் அரசனுக்கு அடுத்த தலைவர்கள், அவ்வளவுதான். உசியாவுக்குக் குஷ்டம் வந்தது, கடவுள் வாதித்தார் என்பதோடு ராஜாக்கள் புத்தகம் நிறுத்திக்கொள்கிறது. நாளாகமத்துக்கு அது போதவில்லை. காரணம் சொல்கிறது: ஆரோன் வம்சத்துக்கு மட்டுமே உரிய தூபத்தை அரசன் காட்டப் போனான்.

அரசனைக் கட்டுப்படுத்திய நல்ல காரியம்தானே என்று தோணும். எனக்கும் தோணிச்சு. ஆனால் கட்டுப்படுத்தியவர்களை யார் கட்டுப்படுத்துவது? கி.மு. 140இல் ஹஸ்மோனிய சீமோன் தலைமை ஆசாரியனும் ஆட்சித்தலைவனும் ஆனான். கி.மு. 104இல் பேரன் அரிஸ்டோபுலஸ் ராஜா பட்டமும் சூடினான். அடுத்து வந்த தம்பி யன்னேயு பலிபீடத்தருகே நின்றபோது ஜனங்கள் பண்டிகைப் பழங்களால் அடித்தார்கள். 6,000 பேரைக் கொன்றான் என்கிறார் யோசேபஸ்.

கும்ரான்காரர்கள் ஆரோனுக்கு ஒன்று, இஸ்ரவேலுக்கு ஒன்று என இரண்டு மெசியாக்களுக்குக் காத்திருந்தது ஏன் என்று இப்போது விளங்குகிறது.