புழுதியோடு கேட்க வேண்டிய ஆல்பம்

'எண்டர் த வூ-டாங்' ஆல்பத்தைப் போட்டதும் முதலில் காதில் விழுவது ஒரு குங்ஃபூ படத்தின் வசனம். அடுத்து டிரம். இரண்டிலும் கரகரப்பு. 1993 நவம்பரில் வெளிவந்த இந்த ஆல்பத்தில் கடைசிப் பாட்டு வரை அந்தப் புழுதி அடங்குவதில்லை. அதுதான் இதன் அழகு.

நியூயார்க்கில் ஹிப்-ஹாப் என்றால் பிராங்க்ஸ், குயின்ஸ், புரூக்ளின் என்றுதான் பேச்சு. அதே நகரின் ஸ்டேட்டன் தீவை யாரும் கணக்கில் எடுத்ததில்லை. இந்த ஆல்பத்தைப் பாடிய வூ-டாங் கிளான் குழுவின் ஒன்பது பேரில் பலர் அந்தத் தீவின் பார்க் ஹில், ஸ்டேபிள்டன் குடியிருப்புகளின் வறுமையையும் போதை வியாபாரத்தையும் பார்த்தவர்கள். குழுவின் மூளையான ரிஸாவும், உறவுக்காரரான ஜிஸாவும் ஏற்கெனவே தனியாகப் பாடி, எடுபடாமல் திரும்பியவர்கள். அதனால் லவுட் ரெக்கார்ட்ஸோடு ஒப்பந்தம் போட்டபோது ரிஸா உஷாராக இருந்தார்: குழுவாகப் பாடுவது இங்கே, தனி ஆல்பம் என்றால் யார் எந்த நிறுவனத்துக்கும் போகலாம்.

இந்த ஆல்பத்துக்கு முந்தைய ஆண்டுதான் டாக்டர் ட்ரேயின் 'த க்ரானிக்' ஆல்பம் வந்து, பளபளப்பான ஒலிக்கு எல்லோரையும் பழக்கியிருந்தது. ரிஸா எதிர்த் திசையில் போனார். அறுபதுகளின் சோல் பாடல்களிலிருந்து துண்டுகளை வெட்டி, ஒலித் துண்டுகளைப் பதிந்து திரும்ப ஒலிக்கும் கருவியான சாம்ப்ளரில் ஏற்றினார். அன்றைய சாம்ப்ளர்களில் நினைவகம் குறைவு. தரத்தைக் குறைத்தால்தான் நிறைய அடைக்க முடியும். ஒலி மங்கிப்போகும். அந்த மங்கலைத் துடைக்காமல் விட்டதில்தான் அவருடைய கலை இருக்கிறது. 'க்ரீம்' பாடலைக் கேளுங்கள். த சார்மெல்ஸ் குழுவின் 1967 பாடலிலிருந்து எடுத்த பியானோ திரும்பத் திரும்பச் சுற்ற, குழுவின் ரேக்வானும் இன்ஸ்பெக்டா டெக்கும் பணமில்லாத இளமையை, சிறையை, சலிப்பைச் சொல்கிறார்கள். பெருமையடிக்கும் பாட்டாக அதை எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பாரியாகவே கேட்கிறது.

'டியர்ஸ்' இன்னும் நேரடியானது. கடைக்குப் போன தம்பி கொல்லப்படுவதை ரிஸா பாடுகிறார். எய்ட்ஸ் பிடித்த நண்பனைப் பற்றி கோஸ்ட்ஃபேஸ் கில்லா. ராப் என்றாலே வீறாப்பு என்று ஒதுங்குகிறவர்கள் இந்தப் பாட்டிலிருந்து தொடங்கலாம்.

மெட்டைத் தேடி வருகிறவர்களுக்கு இந்த ஆல்பம் ஏமாற்றம் தரும். மனிதக் குரலின் சுபாவத்தை ரசிப்பவர்களுக்குப் புதையல். மெத்தட் மேனின் கட்டைக் குரல், ஜிஸாவின் நிதானம், ஓல் டர்ட்டி பாஸ்டர்டின் பித்து பிடித்த இழுப்பு என்று ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் பாய்ந்து பிடிக்கிறார். மாஸ்டா கில்லாவுக்குக் கிடைத்தது ஒரே பாடலில் ஒரு பத்திதான், அதையும் வீணாக்கவில்லை. பழைய ஹாங்காங் சண்டைப் படங்களின் பிரியர்களுக்கு வசனத் துண்டுகள் தனி விருந்து.

வசவு ஏராளம். சித்திரவதையைப் பற்றிய பேச்சு ஒன்று நீளமாகவே வருகிறது. பெண்களைப் பற்றிய சில வரிகள் இன்றும் என்னைக் கூசவைக்கின்றன. பிள்ளைகள் இருக்கும் கூடத்தில் போடாதீர்கள். ஆங்கிலக் கொச்சை முதலில் பிடிபடாது. வரிகளை எதிரில் வைத்துக்கொண்டு இரண்டாம் முறை கேட்டால் திறக்கும்.

2022இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இதைத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. கேட்டுப் பிடித்துப்போனால் அடுத்து 1995க்குப் போங்கள்: கதை கேட்க ரேக்வானின் 'ஒன்லி பில்ட் ஃபோர் கியூபன் லிங்க்ஸ்', சொல்லாட்சிக்கு ஜிஸாவின் 'லிக்விட் ஸ்வோர்ட்ஸ்'.