உங்களுக்குத் தெரியுமா? மெட்ராஸ் பெயரில் ஒரு நரம்பு நோய்

உலக நரம்பியல் நூல்களில் ‘மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்’ என்றே ஒரு நோய் உண்டு! 1970இல் சென்னை மருத்துவர்கள் பதிவு செய்தது. பெரும்பாலும் தென்னிந்தியரிடமே காணப்படுகிறது.

● இளம் வயதிலேயே தொடங்கும். கை கால் மெலியும், முகத் தசை தளரும், பேச்சு குழறும், காது மந்தமாகும். ஆனால் அறிவு மங்குவது இதன் அடையாளங்களில் இல்லை. பேச்சு குழறுகிறது என்பதற்காக அந்தப் பிள்ளைகளை விவரம் புரியாதவர்களாக நடத்துவது பெரிய அநியாயம்.

● உலகெங்கும் காணப்படும் ஏ.எல்.எஸ். என்ற மோட்டார் நியூரான் நோய் வகை வேறு. அதில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சிந்தனையிலோ நடத்தையிலோ ஏதேனும் மாற்றம் வருகிறது. முதலில் மாறுவது பெரும்பாலும் நினைவாற்றல் அல்ல, குணம்: எதிலும் பிடிப்பின்மை, காரணமில்லாத கோபம், இனிப்பின் மேல் திடீர் ஆசை.

● ஏ.எல்.எஸ். நோயில் இந்த மாற்றம் யாருக்கு வரும் என்பதில் மரபணுவுக்குப் பங்கு உண்டு. 2011இல் அடையாளம் காணப்பட்ட சி9ஓஆர்எஃப்72 மரபணுக் கோளாறில், ஆறு எழுத்துள்ள ஒரு டி.என்.ஏ. துணுக்கு நூற்றுக்கணக்கில், சிலருக்கு ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்ப வருகிறது. இவர்களுக்கே அறிவுத்திறன் குறையும் வாய்ப்பு அதிகம். இந்தக் கோளாறு ஐரோப்பிய மரபினரிடம் மிகுதி, ஆசியாவில் குறைவு. 1993இல் தெரியவந்த எஸ்ஓடி1 மரபணுக் கோளாறிலோ சிந்தனை பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும்.

● விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தவர்கள் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போகும்போது, கை கால் பலவீனத்தோடு குணமாற்றத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதை முதலில் கவனிப்பவர்கள் வீட்டில் இருப்பவர்கள்தான்.