கல்லுக்குள் ஒரு கடல்

எகிப்தின் லக்சர் நகருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில் இருக்கிறது தேர் எல்-பஹரி. பார்வோனாகவே அரியணையில் அமர்ந்த ஹட்செப்சுட் என்ற பெண், கி.மு. 15-ஆம் நூற்றாண்டில் தன் ஈமக் கோயிலை இங்கே எழுப்பினாள். அந்த இடத்தில் முதலில் நம்மை நிறுத்துவது கோயில் அல்ல, அதன் முதுகுப்புறம் செங்குத்தாக எழுந்து நிற்கும் மலை. கோயிலின் மூன்று தளங்களும் மலையின் கிடை அடுக்குகளோடு ஒத்துப்போகின்றன. தூண் வரிசைகள் பாறையின் நெடுக்கு வெடிப்புகளோடு ஒத்துப்போகின்றன. கருவறையோ மலையைக் குடைந்தே செய்தது. மலையை மூலவராக வைத்து, மனிதன் முன்மண்டபம் மட்டும் கட்டியதுபோல் இருக்கிறது. பணியை மேற்பார்வையிட்ட சென்முட் என்ற அதிகாரிக்கு அந்த அடக்கம் தெரிந்திருந்தது. மேற்கு மலையைப் பசு உருவில் வரும் ஹத்தோர் தெய்வத்தின் இருப்பிடமாக எகிப்தியர்கள் வணங்கினார்கள் அல்லவா!

அந்த மலை எப்படி வந்தது? சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அதில் வாழ்ந்த ஒற்றைச் செல் உயிர்கள் கடல்நீரில் கரைந்திருந்த சுண்ணத்தை எடுத்துத் தமக்கு ஓடு செய்துகொண்டன. மூளை இல்லை, கை இல்லை. ஆனாலும் அறை அறையாகப் பிரிந்து, சுருளாக வளரும் வீடு. அவை மடிந்தபின் ஓடுகள் அடியில் படிந்தன, இறுகின, நிலம் உயர்ந்தபோது மலையாயின. கோயிலுக்கு வெட்டிய சுண்ணாம்புக்கல்லும் இந்த மலைப்பகுதியைச் சேர்ந்ததுதான். படைத்தவன் அவசரப்படுவதில்லை. ஒரு சுவருக்கான கல்லை, கண்ணுக்கே எளிதில் புலப்படாத உயிர்களை வைத்துக் கோடிக்கணக்கான ஆண்டுகளில் ஆக்கியிருக்கிறான்.

இனி நடுத்தளத்துக்கு வருவோம். அங்கே தூண்களின் பின்னால் உள்ள சுவரில், ஹட்செப்சுட் செங்கடல் வழியே புன்ட் நாட்டுக்கு அனுப்பிய கடல்பயணம் புடைப்புச் சிற்பமாக இருக்கிறது. பாய் விரித்த கப்பல்கள், தூண்கள்மேல் நிற்கும் குடிசைகள், கப்பலில் ஏறிவிட்ட குரங்குகள் என்று பார்க்க எவ்வளவோ உண்டு. என் மனம் தங்குவது கப்பல்களுக்குக் கீழேதான். அலைக்கோடுகளாகச் செதுக்கிய நீரில் திருக்கை விரிந்து கிடக்கிறது. கணவாய் இருக்கிறது. நீண்ட உணர்கொம்புகளோடு சிங்கி இறால் இருக்கிறது. வாள்மீன், கிளாத்தி, ஆமை எல்லாம் இருக்கின்றன. துடுப்பு எங்கே தொடங்குகிறது, வால் எப்படிப் பிரிகிறது என்பதில் சிற்பி அவ்வளவு கவனம் வைத்திருக்கிறான். அதனால்தான் இன்றைய மீனியல் அறிஞர்களால் பலவற்றைச் செங்கடல் இனங்கள் என்று அடையாளம் காண முடிந்தது. மீன் என்று தெரிவதற்கு ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பச் செதுக்கியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவன் அப்படிச் செய்யவில்லை. இதைவிட உயர்ந்த வழிபாட்டை எனக்குத் தெரியாது.

கடல் உயிர்களின் ஓடுகளால் ஆன கல்லில்தான் தான் கடலைச் செதுக்குகிறோம் என்பதை அவன் அறிந்திருக்க வழியில்லை.

அந்தப் பயணம் கொண்டுவந்த செல்வங்களில் பொன்னும் தந்தமும் உண்டு. ஆனால் சிற்பத்தில் பெரிய இடம் நறும்பிசின் மரங்களுக்கே. வேரோடு பெயர்த்து, கூடையில் வைத்து, கம்பில் தொங்கவிட்டு ஆட்கள் தூக்கி வருகிறார்கள். 31 மரங்கள் என்று சொல்லப்படுகிறது. இந்த வகை மரங்கள் வறண்ட கல்நிலத்தில் வளர்பவை. பட்டையில் காயம் பட்டால் பிசின் கசிந்து அந்தக் காயத்தை மூடும்; பூச்சியையும் கிருமியையும் தடுக்கும். மரம் தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் அந்தப் பொருளையே அவர்கள் நெருப்பிலிட்டு ஆமோன் தெய்வத்துக்குப் புகைத்தார்கள். அதற்காகவே மரங்களை உயிரோடு இறக்கி அவன் சந்நிதிக்குச் சமர்ப்பித்தாள் அரசி.

அவளுக்குப்பின் மூன்றாம் துட்மோஸ் காலத்தில் அவள் உருவங்களும் பெயரும் பல இடங்களில் உளியால் அழிக்கப்பட்டன. மீன்களின்மேல் யாருக்கும் பகை இருக்கவில்லை.