கரிய மணலும் குறைகடத்தியும்

முல்லைத்தீவிலிருந்து கடலோரமாகத் தெற்கே செல்வோமாயின், அளம்பில், செம்மலை, நாயாறு, கொக்கிளாய் ஆகியவற்றைக் கடந்து, முகத்துவாரத்துக்கு அப்பால் திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டையை அடைவோம். அங்கே அலை ஒதுக்கும் மணல் கரியது. அதனுள் நூற்றுக்கு எழுபது பங்களவு இல்மனைற்று என்னும் கனியம். அஃது இரும்பும் தைற்றேனியமும் ஒட்சிசனோடு கூடியது. உடனுள்ள உரூத்தைல் பெரும்பாலும் தைற்றேனியமீரொட்சைட்டேயாம். 1957இல் நிறுவப்பெற்ற அரச கூட்டுத்தாபனம் தொடங்கிய அகழ்வு, போர்க்காலத்தில் இடையூறுற்று, இன்றும் நடைபெறுகின்றது.

இல்மனைற்றை நுண்ணிதாக அரைத்துச் செறிந்த சல்பூரிக்கமிலத்தோடு சூடேற்ற, இரண்டு உலோகங்களும் கரையத்தக்க உப்புகளாகும். நீரிற் கரைத்துக் குளிரவைத்தால் இரும்பின் பெரும்பகுதி பச்சைப் பளிங்குகளாகப் பிரியும். நாட்டு வைத்தியர் அன்னபேதி என்பது இதனையே. எஞ்சிய கரைசலைக் கொதிக்கவைத்தால் வெண்மையான வீழ்படிவு தோன்றும். அதனைக் கழுவி, ஏறக்குறைய 1000 பாகை சதமவளவுச் சூட்டில் வறுத்தெடுப்பதே சுவர்ப்பூச்சிலும் தாளிலும் பற்பசையிலும் சேரும் வெண்பொடி.

நம் மணலோ பெரும்பாலும் மணலாகவே கப்பலேறுகின்றது. ஆலை வேண்டும் என்பது எளிது. அமிலக் கழிவை எங்கே விடுவது என்பதற்கும் விடை வேண்டும். அகழ்வு கொக்கிளாய்ப் பக்கம் நீளுமாயின், அம்மணலில் வாடியமைத்துக் கரைவலை இழுப்போருக்குக் கரை எவ்வளவு எஞ்சும் என்பதையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். கணக்கின் இப்பக்கத்தைப் பலர் எழுதுவதில்லை.

இனி அப்பொடியின் இயல்பைக் காண்போம். தூய நிலையில் அது மின்னைக் கடத்துவதில்லை எனலாம். ஐதரசன் வாயுவிற் செஞ்சூடாக்கினால் ஒட்சிசன் அணுக்களிற் சில நீங்குகின்றன. அவற்றைப் பிணைத்திருந்த இலத்திரன்கள் பின்தங்கிப் பளிங்கினுள் உலாவுகின்றன. வெண்பொடி நீலக்கருமை அடைந்து மின்னைக் கடத்துகின்றது. காற்றிற் சுடின் இழந்த ஒட்சிசனை ஏற்று மீண்டும் வெளிறும். குறைவாகக் கடத்துவது என்னும் பொருளிலேயே குறைகடத்தி என்ற சொல் அமைந்தது. ஈண்டோ, ஒட்சிசன் குறைந்ததனாலேயே கடத்துகின்றது. தமிழாசிரியராகிய நமக்கு இவ்விரட்டைப் பொருள் இனிக்கின்றது. சொல்லாக்கியோர் இதனைக் கருதினர் என்று நாம் வாதிடோம்.

ஒளியாலும் இதன் இலத்திரன்களை விடுவிக்கலாம். நீருள் வைத்த உரூத்தைலில் ஒளி படும்போது நீர் பிரிக்கப்படுவதை யப்பானியராகிய ஃபுயிசிமாவும் ஒண்டாவும் 1972இல் வெளியிட்டனர். ஆயினும் இதற்கு உதவுவது ஊதாக்கடந்த கதிரே. வெயிலில் அது சிறு பங்கு. கட்புலனாகும் ஒளியைப் பற்றுஞ் சாயத்தை இவ்வொட்சைட்டின் நுண்துகள்மேற் பூசி, சாயம் உமிழும் இலத்திரனை ஒட்சைட்டு வாங்கிச் செல்லுமாறு 1991இல் கிரெற்சலும் ஓரீகனும் அமைத்த மின்கலம் பெயர்பெற்றது. பச்சிலை செய்யும் வேலையை இது ஒருவாறு ஒத்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியற்றுறையிலும் தைற்றேனியமீரொட்சைட்டுச் சூரியக்கலங்கள் ஆராயப்பட்டு வருகின்றன.