கழுதைக்கு மூச்சு கொடுத்த துருத்தி

1814-ல் லண்டனில் ஒரு பெண் கழுதையின் தோளில் விஷம் ஏற்றினார்கள். பத்தே நிமிடத்தில் சாய்ந்துவிட்டது. பார்த்தவர்கள் கணக்கில் அது செத்த கழுதை. ஆனால் கூடியிருந்தவர்கள் அதன் மூச்சுக்குழாயில் துளை போட்டு, துருத்தியால் காற்று ஊத ஆரம்பித்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்துக் கழுதை தலையைத் தூக்கிச் சுற்றும் முற்றும் பார்த்தது. ஊதுவதை நிறுத்தியதும் மறுபடி சரிந்தது. இன்னும் இரண்டு மணி நேரம் விடாமல் ஊதினார்கள், பிழைத்துக்கொண்டது. தென் அமெரிக்காவின் கயானாக் காடுகளிலிருந்து அந்த விஷத்தைக் கொண்டுவந்த சார்லஸ் வாட்டர்டன், கழுதைக்கு ஊராலியா என்று பெயர் வைத்தார். அவருடைய எஸ்டேட்டில் அது இன்னும் 25 வருஷம் மேய்ந்துகொண்டிருந்தது.

இன்று ஆபரேஷன் தியேட்டரில் தசைகளைத் தளர்த்திவிட்டு மூச்சு கொடுப்பதும் இதேபோலத்தான். துருத்தி இருந்த இடத்தில் வென்டிலேட்டர் இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த விஷத்தின் பெயர் குராரே. அமேசான் பகுதிப் பழங்குடிகள் காட்டுக் கொடிகளின் பட்டையைக் கொதிக்கவைத்து, தார் பதத்துக்குச் சுண்டவிட்டு, அம்பு நுனியில் தடவுவார்கள். மூங்கில் குழாயில் அடைத்து வைத்த வகையிலிருந்து பிரித்தெடுத்த சரக்குக்கு டியூபோகுராரின் என்ற பெயரே அந்தக் குழாயால் வந்தது. அம்பு பட்ட குரங்கு கிளையிலிருந்து தளர்ந்து விழும். அதே குரங்கின் கறியைச் சமைத்துச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. ரத்தத்தில் கலந்தால் கொல்லும் விஷம் வயிற்றில் ஏன் சும்மா கிடக்கிறது? இந்தக் கேள்விக்கான பதிலில்தான் பின்னால் வரும் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது.

அதற்கு முன்னால், இந்த விஷம் எங்கே வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். பிரான்சில் உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார் தவளைகளை வைத்துச் சோதித்தார். குராரே ஏறிய தவளையின் நரம்பைத் தூண்டினால் தசை அசையவில்லை. தசையையே நேராகத் தூண்டினால் துடித்தது. ஆக, தசை கெடவில்லை. நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில்தான் கோளாறு.

அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒன்று உண்டு. நரம்பு முனை அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைக் கொட்டும். எதிர்ப்பக்கம் தசையில் அதற்கென்று இருக்கைகள் இருக்கின்றன. புத்தகங்களில் ஏற்பிகள் என்பார்கள். அசிட்டைல்கோலின் வந்து உட்கார்ந்ததும் தசை சுருங்கும். கண்ணிமைக்கும் நேரத்துக்குள் ஒரு நொதி அதை உடைத்து எழுப்பிவிடும். இனி நம்மூர் பஸ் ஸ்டாண்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு ஒருவர் சீட்டுப் பிடிக்கிறார். அவரும் உட்காரவில்லை, மற்றவரும் உட்கார முடியவில்லை. குராரே போடுவது அந்தத் துண்டைத்தான்.

நல்ல பாம்பின் விஷமும் இதே சீட்டில் துண்டு போடுகிறது. கட்டுவிரியன் விஷம் பெரும்பாலும் இன்னும் ஒரு படி முன்னால், நரம்பு முனையையே முடக்கி, பயணிகளை வரவிடாமல் செய்கிறது. அதனால்தான் இந்தப் பாம்புகள் கடித்தவருக்கு முதலில் இமை தொங்குகிறது, பிறகு பேச்சு குழறுகிறது, கடைசியில் மூச்சு நிற்கிறது.

இப்போது அந்தக் கறிக்கு வருவோம். குராரே மூலக்கூறு நிரந்தரமான நேர்மின்னேற்றம் கொண்டது. அப்படிப்பட்டவை கொழுப்பாலான செல்சவ்வுகளைத் தாண்டுவதில்லை. குடலிலிருந்து ரத்தத்துக்குப் போகாததால் கறி சாப்பிட்டவர் பிழைக்கிறார். இதே காரணத்தால் ரத்தத்திலிருந்து மூளைக்கும் அது போகாது. அதாவது உடல் மரக்கட்டையாகக் கிடக்கும்போதும் மனம் முழுசாக விழித்திருக்கும்.

இது உடனே எல்லோருக்கும் புரிந்துவிடவில்லை. 1942 ஜனவரி 23 அன்று கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஹெரால்ட் கிரிஃபித், ஈனிட் ஜான்சன் என்ற மருத்துவர்கள் குடல்வால் ஆபரேஷன் ஒன்றில் குராரேயை ஊசியில் ஏற்றினார்கள். அதுவரை வயிற்றுத் தசை இளக வேண்டுமானால் ஈதர் என்ற மயக்க மருந்தை அள்ளிக் கொடுக்க வேண்டும். அந்த அளவே சிலருக்கு ஆபத்து. குராரே வந்ததும் லேசான மயக்கமே போதும் என்றானது. ஆனால் குராரேயே மயக்கமும் கொடுக்கிறதோ என்ற சந்தேகம் சிலருக்கு இருந்தது.

அமெரிக்காவில் ஸ்காட் ஸ்மித் என்ற மயக்கவியல் மருத்துவர் தன் உடம்பிலேயே அதைச் சோதித்தார். மயக்க மருந்து எதுவும் இல்லை, டியூபோகுராரின் மட்டும். முதலில் விரலையும் புருவத்தையும் அசைத்துப் பதில் சொன்னார். பிறகு அதுவும் முடியவில்லை. சக மருத்துவர்கள் அவருக்காக மூச்சு ஊதிக்கொண்டிருந்தார்கள். மருந்தின் வேகம் தணிந்து பேச்சு வந்ததும், நடந்தது ஒன்றுவிடாமல் சொன்னார்: யார் என்ன பேசினார்கள், எங்கே தொட்டார்கள், எங்கே வலித்தது எல்லாமே. 1947-ல் அச்சேறிய அந்தக் கட்டுரை ஒரு விஷயத்தை அடித்துச் சொன்னது. தசைத் தளர்த்தி மயக்க மருந்து ஆகாது, வலிநிவாரணியும் ஆகாது. மயக்கம் குறைந்து தளர்த்தி மட்டும் வேலை செய்தால், நோயாளி கத்திபடுவதை உணர்ந்தபடி கத்த முடியாமல் கிடப்பார். மயக்க மருத்துவர்கள் ஆபரேஷன் முடியும்வரை தலைமாட்டை விட்டு நகராததற்கு இதுவும் ஒரு காரணம்.

குராரே இன்று கிட்டத்தட்ட ஓய்வுபெற்றுவிட்டது. ரத்த அழுத்தத்தைச் சரிக்கும் பழக்கம் அதற்கு உண்டு. அதன் இடத்தில் வெக்குரோனியம், ரோக்குரோனியம், அட்ராகுரியம். இவற்றில் அட்ராகுரியம் எனக்குப் பிடித்தது. உடம்புச் சூட்டிலும் ரத்தத்தின் காரத்தன்மையிலும் தானாகவே உடைந்துபோகும்படி அதை வடிவமைத்தார்கள். கிட்னியோ ஈரலோ பழுதானவருக்கும் கவலையில்லை. தானாக உடையும் அந்தக் குணத்தாலேயே பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டியிருக்கிறது.

சக்சமெத்தோனியம் என்ற தளர்த்தி வேறு ஜாதி. இரண்டு அசிட்டைல்கோலினை ஒட்டவைத்த மூலக்கூறு அது. துண்டு போடாது, தானே உட்கார்ந்து, எழுந்திருக்க மறுக்கும். அதனால் முதலில் உடம்பெங்கும் தசைகள் சிலிர்த்துத் துடிக்கும், பிறகு தளரும். ஒரே நிமிடத்தில் தளர்த்தி, பத்து நிமிடத்துக்குள் விட்டுவிடும். அவசரமாகத் தொண்டையில் குழாய் போட இதுபோல் வேறொன்றில்லை என்று பல காலம் நம்பினார்கள்.

ஆனால் அதை உடைக்க ரத்தத்தில் பியூட்டிரில்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி இருக்க வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே அது இல்லை. பத்து நிமிடம் பல மணி நேரமாக நீளும். நம் நாட்டில் வைசிய சமூகத்தாரிடம் இந்தக் குறை அதிகம். கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வு, அந்த நொதியின் 307-ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதில் புரோலின் உட்கார்ந்திருப்பதைக் காட்டியது. ஒரே ஒரு எழுத்துப்பிழை! இதில் பயப்பட ஒன்றுமில்லை. நோயாளியைத் தூக்கத்திலேயே வைத்து வென்டிலேட்டரை ஓடவிட்டால் மருந்து மெல்ல வடிந்துவிடும். தெரியாமல் குழாயை எடுத்தால்தான் சிக்கல்.

போட்ட துண்டை எடுக்க இரண்டு வழி. நியோஸ்டிக்மின் கொடுத்தால், அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதி முடங்கும். பயணிகள் கூட்டம் பெருகி, துண்டைத் தள்ளிவிட்டு உட்காரும். சுகமாடெக்ஸ் புதிய ஆள். வளையமாகக் கோத்த சர்க்கரை மூலக்கூறு. ரோக்குரோனியத்தை அப்படியே தன் குழிக்குள் வாரிப்போட்டுக்கொண்டு சிறுநீரில் வெளியேறும். ஐரோப்பாவில் 2008-லும் அமெரிக்காவில் 2015-லும் அனுமதி கிடைத்தது. தளர்ச்சி போய்விட்டதா என்று பார்க்க மணிக்கட்டில் இரண்டு மின்முனை ஒட்டி நான்கு முறை தூண்டுவார்கள். கட்டைவிரல் நான்கு தடவை மடங்கும். நான்காவது மடிப்பின் பலம் முதல் மடிப்பில் 90 சதவீதமாவது வர வேண்டும். வந்த பிறகே குழாயை எடுப்பது நல்லது.

மருந்துக்கடையில் இடுப்புப் பிடிப்புக்கு வாங்கும் ‘மசில் ரிலாக்ஸன்ட்’ மாத்திரை இந்தக் குடும்பம் இல்லை. பேக்லோஃபென், டிசானிடின் போன்றவை தண்டுவடத்திலும் மூளையிலும் வேலை செய்து பிடிப்பைத் தணிப்பவை. அதனால்தான் தூக்கம் வருகிறது. தயோகால்சிகோசைடு நம் மாநில மலரான செங்காந்தளின் சரக்கிலிருந்து வருகிறது. நம்மூர் விவசாயிகள் கண்வலிக்கிழங்கு என்று பயிரிட்டு விதையை விற்கிறார்களே, அதுதான். பழைய மருந்துச்சீட்டைக் காட்டி இவற்றை மாதக்கணக்கில் விழுங்குவதும், பேக்லோஃபெனைத் திடீரென நிறுத்துவதும் தவறு. கர்ப்பிணிகள் தயோகால்சிகோசைடைத் தொடவே கூடாது.

ஆபரேஷனுக்கு முன் மயக்க மருத்துவர் வந்து, “வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் முடிந்தும் மூச்சு திரும்ப நேரமானதா?” என்று கேட்டால், சம்பிரதாயக் கேள்வி என்று தலையாட்டிவிடாதீர்கள். அத்தையோ சித்தப்பாவோ அப்படி வென்டிலேட்டரில் கிடந்திருந்தால், எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் சொல்லிவிடுங்கள்.