விடுபட்டவர்களை எண்ணுவது எப்படி?

ஒரு புயலில் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கேள்விக்கு ஒரே விடைதானே இருக்க வேண்டும்? ஆனால் ஒரே புயலுக்கு 64, 4,645, 2,975 என மூன்று விடைகள் கிடைத்ததுண்டு. மூன்றுக்கும் வெவ்வேறு ஆய்வு முறைகளே காரணம்.

கரீபியன் கடலிலுள்ள போர்ட்டோ ரிக்கோ, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஆட்சிக்குட்பட்ட தீவு. 2017 செப்டம்பர் 20-ஆம் நாள் 'மரியா' சூறாவளி அதைத் தாக்கியது. தீவு முழுவதும் மின்சாரம் நின்றது. மலைச் சாலைகள் துண்டிக்கப்பட்டன. எல்லா வீடுகளுக்கும் மின்சாரம் திரும்ப ஏறத்தாழ 11 மாதங்கள் ஆயின.

சான்றிதழ்களை எண்ணுதல்

முதலில் அரசு சொன்ன எண் 64. புயலே காரணம் என்று பதிவான இறப்புகள் மட்டும் இதில் சேர்ந்தன. சுவர் இடிந்து இறந்தவர் கணக்கில் வருவார். ஆனால் மின்சாரமின்றி மூச்சுக்கருவி நின்றுபோய், சில வாரம் கழித்து இறந்த முதியவர்? அவருடைய சான்றிதழில் 'நுரையீரல் நோய்' என்றுதான் இருக்கும். பேரிடர்க் கால இறப்புகளைப் பதிவு செய்யும் பயிற்சி மருத்துவர்கள் பலருக்கு இல்லை. இப்படி விடுபட்டவர்களில் முதியோரும் நோயாளிகளும் ஏழைகளுமே அதிகம்.

வீடு வீடாகக் கேட்டல்

2018 தொடக்கத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவினர் 3,299 வீடுகளில் விசாரித்தார்கள். எந்த வீடுகளில் என்பதுதான் முக்கியம். போக எளிதான சாலையோர வீடுகளில் மட்டும் கேட்டிருந்தால், மலைக் கிராமத்தார் மறுபடியும் விடுபட்டிருப்பார்கள். ஆகவே நகரிலிருந்து எவ்வளவு தொலைவு என்பதை வைத்துத் தீவை எட்டு அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் குலுக்கல் போல வீடுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். இதற்கு அடுக்கு மாதிரி முறை என்று பெயர்.

இதில் கிடைத்த மதிப்பீடு 4,645. ஆனால் மாதிரி சிறியது. உண்மை எண் 793 முதல் 8,498 வரை எங்கும் இருக்கலாம் என்று அவர்களே எழுதினார்கள். இன்னொரு குறையும் உண்டு. தனியாக வாழ்ந்து இறந்தவரின் வீட்டில் பதில் சொல்ல யார் இருப்பார்கள்?

ஆயினும் இம்முறை ஒரு காரணத்தைக் காட்டியது: இறப்புகளில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்கு, மருத்துவ உதவி தடைபட்டதே காரணம் என்று வீட்டார் சொன்னார்கள்.

மிகை இறப்பு

உங்கள் ஊரில் வழக்கமாக ஒரு மாதத்தில் 100 பேர் இறப்பதாகக் கொள்ளுங்கள். இம்மாதம் 130 பேர் இறந்தால், 30 இறப்புகள் மிகை. சான்றிதழில் என்ன காரணம் எழுதியிருந்தாலும் கவலையில்லை.

ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு இப்படித்தான் கணக்கிட்டது. முந்தைய ஆண்டுகளின் பதிவேடுகளோடு ஒப்பிட்டு, தீவைவிட்டு வெளியேறியவர்களையும் கழித்துப் பார்த்தது. 2018 பிப்ரவரி வரை மிகை இறப்புகள் 2,975. 2018 ஆகஸ்டில் அரசும் இதை ஏற்றது. வளர்ச்சி குறைந்த ஊர்களில் இறப்பு அபாயம் 45 சதவீதம் கூடியதும், ஆய்வுக்காலத்தின் கடைசிவரை அது தணியாததும் இதில்தான் தெரிந்தன.

எது சிறந்தது?

கேள்விக்கு ஏற்றபடிதான் முறை. 'எத்தனை பேர்?' என்றால் பதிவேடு. 'எந்தப் பகுதியில், எதனால்?' என்றால் அடுக்கு மாதிரி. 'உதவி ஏன் எட்டவில்லை?' என்றால் அம்மக்களோடு உட்கார்ந்து, அவர்கள் சம்மதத்தோடு, பொறுமையாகக் கேட்க வேண்டும். நிவாரணப் பட்டியலை வைத்து மட்டும் ஆராய்ந்தால், பட்டியலில் இல்லாதவர் எந்த விடையிலும் வரமாட்டார்.

இது வெறும் கணக்கு விவகாரம் அன்று. ஈமச்செலவுக்கு அரசு உதவி கோரிய குடும்பங்கள், புயலே காரணம் என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டியிருந்தது. 2018 ஜூன் மாதம் தலைநகர் சான் ஹுவானில், சட்டமன்றக் கட்டிடத்தின் முன் மக்கள் நூற்றுக்கணக்கான ஜோடிக் காலணிகளை வரிசையாக வைத்தார்கள். அன்றும் அரசின் கணக்கு 64-தான்.

செய்து பாருங்கள்: உங்கள் தெருவில் மழைநீர் புகுந்த வீடுகளைக் கணக்கெடுக்கத் திட்டமிடுங்கள். பூட்டிய வீடு, வாடகைக் குடித்தனம், நடைபாதையில் தங்குவோர் ஆகியோரை எப்படிச் சேர்ப்பீர்கள்? கணக்கைத் தொடங்குமுன் இதை நண்பர்களோடு பேசி முடிவு செய்யுங்கள்.