தொப்பியின் கரிமத் தடம்

ஒரு பொருளுக்கான மூலப்பொருள் விளைவதில் தொடங்கி, அது உருப்பெற்று, கடல் கடந்து, பயன்பட்டு, இறுதியில் மட்கியோ எரிந்தோ போகும் வரை, அதன் பொருட்டு வளிமண்டலத்தில் கலக்கும் பசுங்குடில் வாயுக்கள் அனைத்தையும் கரியமில வாயுவின் எடைக்கு ஈடாக மாற்றிக் கூட்டினால் கிடைக்கும் தொகையே அப்பொருளின் கரிமத் தடம் எனப்படுகிறது. சட்டைக்கும் கால்சட்டைக்கும் இக்கணக்கைப் போடும்போது, துவைக்கவும் தேய்க்கவும் செலவாகும் மின்சாரமும் கணிசமான இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தொப்பியின் நிலை வேறு. ஃபெல்ட் தொப்பியையும் ஓலைத் தொப்பியையும் எவரும் சலவை இயந்திரத்தில் போடுவதில்லை. தூரிகையால் தூசு தட்டுவதோடு பராமரிப்பு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஆகவே தொப்பியின் தடத்தில் பெரும்பகுதி அது தலையில் ஏறுவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. அதன் பின் கணக்கை மாற்றக்கூடியது, அது எத்தனை ஆண்டுகள் தலையில் இருக்கிறது என்பது மட்டுமே.

கம்பளியாலான ஃபெல்ட் தொப்பியை முதலில் எடுத்துக்கொள்ளலாம். ஃபெல்ட் என்பது நூற்கப்படாமலும் நெய்யப்படாமலும் உருவாகும் துணி. ஆட்டு மயிரின் மேற்புறத்தில் நுண்ணிய செதில்கள் அடுக்கடுக்காக இருப்பதால், வெந்நீரில் நனைத்து அழுத்தித் தேய்க்கும்போது இழைகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு சுருங்கி, பிரிக்க முடியாத தடிப்பாக இறுகுகின்றன. பின்னர் அதை நீராவியில் இளக்கி, மர அச்சின்மீது இழுத்து உருவம் கொடுத்து, அரக்குக் கரைசல் போன்றவற்றால் விறைப்பேற்றுகிறார்கள். தறி தேவையில்லை என்றாலும் வெந்நீரும் நீராவியும் உலர்த்தும் வெப்பமும் திரும்பத் திரும்பத் தேவைப்படுவதால், கொதிகலனில் எரிவது நிலக்கரியா, இயற்கை எரிவாயுவா, விறகா என்பதைப் பொறுத்து ஆலையின் பங்கு கூடும், குறையும். ஆயினும் தடத்தின் பெரும்பகுதி ஆலையில் இல்லை, மேய்ச்சல் நிலத்தில் இருக்கிறது. அசைபோடும் விலங்கான ஆட்டின் வயிற்றில் வாழும் நுண்ணுயிரிகள் புல்லைச் சிதைக்கும்போது உண்டாகும் மீத்தேன் ஏப்பமாக வெளியேறுகிறது. நூறாண்டுக் கணக்கில் அதன் வெப்பமேற்றும் திறன் கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 28 மடங்கு. தீவனத்தில் சேர்மானங்கள் கலந்து இதைக் குறைக்கும் ஆய்வுகள் நடந்துவந்தாலும், திறந்த வெளியில் மேயும் மந்தைக்கு அவற்றை நாள்தோறும் ஊட்டுவது எளிதன்று. பழைய கம்பளியைக் கிழித்து மீண்டும் இழையாக்கி நெய்த குளிர்காலத் தொப்பிகளுக்கு இச்சுமை பெருமளவு குறைகிறது. இத்தொழிலில் இத்தாலியின் பிராட்டோ நகரம் 19ஆம் நூற்றாண்டு முதலே பெயர்பெற்றது.

பருத்தித் தொப்பியில் சுமை வேறு வழியில் சேர்கிறது. வயலில் இடும் தழைச்சத்து உரத்தின் ஒரு பகுதி, கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 270 மடங்கு வெப்பமேற்றும் நைட்ரஸ் ஆக்சைடாக மாறுகிறது. நூற்பும் நெசவும் சாயமேற்றலும் மின்சாரத்தையும் வெப்பத்தையும் கோருகின்றன. பாலியெஸ்டரோ பெட்ரோலியத்திலிருந்தே பிறப்பது. முன்விளிம்பில் பிளாஸ்டிக் தகடும் பின்புறம் பட்டையும் கொக்கியும் சேர்ந்த விளம்பரத் தொப்பி, ஒரு நிகழ்ச்சிக்காக அச்சிடப்பட்டு அடுத்த வாரமே குப்பைக்குப் போவதுதான் இவ்வகையில் மிகவும் வருந்தத்தக்க வீண்.

இவற்றுக்கு நேர்மாறானது எக்வடோர் நாட்டில் பின்னப்பட்டு, முன்னாளில் பனாமா நிலச்சந்தி வழியாக உலகச் சந்தைக்குச் சென்றதால் அப்பெயர் பெற்ற பனாமா தொப்பி. அதன் மூலப்பொருளான தொக்கியா, பார்வைக்குப் பனை போன்றிருந்தாலும் பனைக் குடும்பத்தைச் சேராத ஒரு செடி. விரியாத குருத்தை மட்டும் வெட்டுவதால் செடி சாவதில்லை, மீண்டும் குருத்துவிடுகிறது. குருத்தைக் கீறி, நரம்பை நீக்கி, சிறிது நேரம் கொதிநீரில் இட்டு, உலர்த்தி, கந்தகப் புகையில் வெளுக்கிறார்கள். வெயிலில் இழை காய்ந்து முறிவதால், மிக நுண்ணிய தொப்பிகளைக் காலைக் குளிரிலும் மாலையிலுமே பின்னுகிறார்கள். மான்டெகிரிஸ்தி பகுதியின் உயர்தரத் தொப்பி ஒன்றைப் பின்னி முடிக்க மாதங்கள் ஆகும். யுனெஸ்கோ 2012இல் மானுடத்தின் பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்ட இப்பின்னலில் கை உழைப்பைத் தவிர வேறு ஆற்றல் செலவில்லை. கந்தகப் புகை பசுங்குடில் வாயுவன்று என்பதால் கரிமக் கணக்கில் வராது. ஆனால் அதைச் சுவாசிப்பவர்களின் நுரையீரலைக் கருதினால், கரிமத் தடம் ஒன்றையே வைத்து ஒரு பொருளை நல்லதென்று தீர்ப்பது சரியாகாது.

இத்தகைய தொப்பியின் தடத்தைப் பயணமே மாற்றிவிடக்கூடும். 100 கிராம் எடையுள்ள தொப்பி ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் செல்வது, ஒரு டன் சரக்கு ஒரு கிலோமீட்டர் செல்வதற்குச் சமம்; எக்வடோரின் குவாயாகில் துறைமுகத்திலிருந்து மேற்கு ஐரோப்பாவுக்குக் கடல்வழித் தொலைவும் ஏறக்குறைய அதுவே. பெரிய சரக்குக் கப்பலில் இதற்குச் சில பத்துக் கிராம் கரியமில வாயுவே வெளியாகும். விமானத்திலோ அரைக் கிலோவையும் தாண்டும். முழு வடிவம் பெற்ற தொப்பி பெட்டிக்குள் பெரும்பாலும் காற்றையே சுமந்து செல்வதால், அச்சில் ஏற்றாத வெறும் கூடுகளை ஒன்றினுள் ஒன்றாகச் செருகி அனுப்பி, விற்கும் நாட்டில் வடிவம் கொடுக்கும் பழைய வணிக வழக்கம் இன்றைய கணக்குக்கும் பொருந்துகிறது.

எஞ்சியது ஆயுள். ஒரு தொப்பியின் தடம் 3 கிலோ என்று வைத்துக்கொண்டால், இரண்டே ஆண்டில் தூக்கி எறிபவருக்கு ஆண்டுக்கு ஒன்றரைக் கிலோவும், பதினைந்து ஆண்டு அணிபவருக்கு 200 கிராமும் பங்காகின்றன. மேய்ச்சல் நிலத்திலோ ஆலையிலோ செய்யும் எந்தச் சீர்திருத்தமும் இவ்வளவு எளிதில் இத்தனை வேறுபாட்டைத் தராது. நல்ல ஃபெல்ட் தொப்பி அதற்கு இடம்கொடுப்பது. வியர்வையில் நைந்த உள்பட்டையைப் பிரித்தெடுத்து, நீராவியில் இளக்கி, அதே அளவு மர அச்சில் ஏற்றிக் கயிற்றால் இறுக்கி உலரவிட்டால், கோணிய கூடு நேராகிவிடும். பிறகு புதிய உள்பட்டையும் நாடாவும் தைத்தால் போதும். ஓலைத் தொப்பியை இவ்வாறு எளிதில் மீட்க முடியாது. கூட்டின் முன்மடிப்பை விரல்களால் கிள்ளித் தூக்கும் பழக்கத்தால் அவ்விடத்திலேயே இழை முறிந்து விரிசல் விடுகிறது. அதனால் அதை விளிம்பைப் பிடித்தே எடுக்க வேண்டும், வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுச்செல்லக் கூடாது, காற்று மிக உலர்ந்திருக்கும் காலத்தில் சற்றே ஈரப்பதமுள்ள அறையில் வைத்திருக்க வேண்டும்.